வாராந்த நோய்க் கணக்கு: டெங்கு எண்ணைப் பார்க்கமுன் வலது ஓரத்து இரண்டு நிரல்களைப் பாருங்கள்

எங்கள் சனசமூக நிலைய வாசலில் ஒரு கரும்பலகை இருக்கிறது. மாரி தொடங்கினால் கிழமைக்கொருக்கா அதில் யாழ்ப்பாண மாவட்டத்து டெங்குக் கணக்கை எழுதுவது என் பொறுப்பு. எண்ணை எடுப்பது சுகாதார அமைச்சின் தொற்றுநோயியல் பிரிவு இணையத்தில் போடுகிற வாராந்த அறிக்கையிலிருந்து. இரண்டு மாரியாகப் பாவித்துவிட்டேன். காசில்லாமல் கிடைக்கிறது, நல்ல சாமான், ஆனால் வாசிக்கப் பழகவேண்டும்.

முன்பக்கக் கட்டுரையைத் தாண்டிப் போகலாம் (விசர்நாய்க்கடி பற்றி வந்தால் மட்டும் விடமாட்டேன், எங்கள் ஒழுங்கை அப்படி). சரக்கு இருப்பது அட்டவணையில்தான். 25 மாவட்டத்துக்கு 26 நிரை, கல்முனை அம்பாறையிலிருந்து பிரிந்து தனியாக நிற்பதால். நெருப்புக் காய்ச்சல், எலிக்காய்ச்சல், உண்ணிக் காய்ச்சல், செங்கண்மாரி என்று ஒவ்வொரு நோய்க்கும் ஏ, பி என இரண்டு எண். ஏ அந்தக் கிழமைக் கணக்கு, பி வருடத் தொடக்கத்திலிருந்து சேர்ந்தது. நான் முதல் மாதமே பி-யை ஏ என்று நினைத்துப் பலகையில் எழுதிவிட்டேன். பின்னேரத்துக்குள் ஊரே பூச்சாடித் தண்ணீரைக் கவிழ்த்துவிட்டது, அது நல்லதுதான், ஆனால் எனக்கு விழுந்த பேச்சு!

வலது ஓரத்தில் டி (T), சி (C) என்று இரண்டு நிரல் இருக்கும், ஒருவரும் பார்ப்பதில்லை. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளிலிருந்து வரவேண்டிய வாராந்தத் திரட்டுகளில் எத்தனை வீதம் நேரத்துக்கு வந்தது என்பது டி, மொத்தத்தில் எத்தனை வீதம் வந்து சேர்ந்தது என்பது சி. நோய் எண் எப்படி வருகிறதென்று தெரிந்தால் இந்த இரண்டு நிரலும் ஏன் முக்கியம் என்று விளங்கும்: வைத்தியசாலையில் சந்தேகம் வந்தவுடனேயே 544 என்ற நோய் அறிவித்தல் படிவம் நிரப்பி சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு அனுப்புகிறார்கள், பீஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வீட்டுக்கு வந்து விசாரிக்கிறார், பிறகு கிழமை முடிய 399 படிவத்தில் எல்லாம் திரண்டு கொழும்புக்குப் போகிறது. இடையில் ஒரு பணிமனைக் கடுதாசி பிந்தினாலும் எங்கள் நிரையில் நோய் குறைந்தமாதிரித் தெரியும். சி இறங்கின கிழமை டெங்கும் இறங்கியிருந்தால் நான் பலகையில் ‘குறைந்தது’ என்று எழுதுவதில்லை.

பனடோலும் மல்லித்தண்ணியுமாக வீட்டில் படுத்தெழும்பியவர் இதில் இல்லை. அப்படிப்பட்டவர்களையும் பிடிக்க வீடுவீடாகப் போகிற ஆய்வு வேண்டும், அதிலும் எங்களுக்குப் பெரிய ஓட்டை இருந்தது. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 2006-07 இல் நடத்திய குடித்தொகை, சுகாதார ஆய்வில் வடமாகாணமே இல்லை, 2016 இல்தான் 25 மாவட்டமும் வந்தது. அதைப் பார்த்தால் கிழமைக்குக் கிழமை யாழ்ப்பாணம் என்று ஒரு நிரை வருவதே பெரிய விஷயம்.

குறை என்றால் ஆங்கிலம்தான். எழுத்தும் பொடி, கைபேசியில் விரலால் இழுத்து இழுத்துப் பார்க்கவேண்டும். அட்டவணைத் திகதி இதழின் திகதிக்கு முந்தியது, அதையும் கவனியுங்கள். ஐந்துக்கு நாலு கொடுப்பேன். தமிழில் அந்த ஒரு பக்கத்தையாவது போட்டால் மிச்ச ஒன்றையும் தருகிறேன்.