கோத்தகிரியில நாட்டு நாய்க்கும் ரூம் குடுக்கிற ஒரு ஹோம்ஸ்டே

மூணு நாள் தங்கிட்டு நேத்துதான் மலை இறங்கினோம், மறக்கறதுக்குள்ள எழுதிடறேன். எங்க வீட்டுல இருக்கிறது கோம்பைங்கிற நாட்டு இன நாய். செவலை உடம்பு, வாய் மட்டும் கரி பூசுன மாதிரி. போன மே மாசம் ஊட்டிப் பக்கம் ஒரு ரிசார்ட்டு, நாய் கூட்டிட்டு வரலாம்னு போட்டிருந்தத நம்பி புக் பண்ணிட்டு போனா கேட்லயே நிறுத்தி "சார் இது தெருநாய் மாதிரி இருக்கு, லேப், பக் மாதிரி பிரீடுன்னா ஓகே"ன்னுட்டாங்க, அட்வான்ஸ்ல பாதிதான் திரும்பி வந்துச்சு.

அந்த பயத்துலயே இந்த தடவ ஹோம்ஸ்டே நடத்துற அக்காகிட்ட போன்ல "அக்கா, எங்களுது நாட்டு நாய்ங்க"ன்னு இழுத்தேன். "அதுக்கென்னங் தம்பி, ஊசி போட்ட சீட்டு மட்டும் மறக்காம கொண்டாங்"ன்னாங்க. போனதும் அட்டைய வாங்கி தேதி பார்த்துட்டுதான் உள்ள விட்டாங்க, அது சரிதான். ஒரு ஏரியால 70 சதவீத நாய்க்கு ஊசி போட்டாலே ரேபீஸ் பரவறது அடங்கிடும், ஊட்டிலயே அதுக்கும் கருத்தடைக்கும் டாக்டருங்களுக்கு பயிற்சி குடுக்கிற சென்டர் ஒண்ணு இருக்கு.

ராத்திரி அடுப்புகிட்ட உக்காந்து பேசிட்டிருந்தப்ப அக்கா வீட்டுக்காரர், வெள்ளைக்காரன் இங்கிலாந்துல இருந்து ஃபாக்ஸ்ஹவுண்ட் வேட்டை நாய்ங்கள கொண்டு வந்து ஊட்டிப் பக்கம் வென்லாக் டவுன்ஸ் புல்வெளில நரி வேட்டை ஆடுன கதைய எடுத்தாரு. அவன் ஊரு நரி இங்க கிடையாதே, அதனால குள்ளநரிய துரத்தினானாம். நான் பதிலுக்கு எடுத்தனூர் நடுகல்ல சொன்னேன், செங்கம் பக்கம். மகேந்திரவர்மன் காலம், ஏழாம் நூற்றாண்டு. மாட்டுக்காக சண்டை போட்டு செத்த கருந்தேவக்கத்திக்கு கல்லு வெச்சவங்க, பக்கத்துலயே அவர் நாயையும் செதுக்கி, ரெண்டு கள்ளனை கடிச்சு காத்து நின்னுச்சுன்னு எழுதி வெச்சிருக்காங்க. பேரோட. கோவிவன். கேட்ல நின்ன அந்த மேனேஜர்கிட்ட இத சொல்லியிருக்கணும், அப்ப வாய் வரல. 2005ல தபால் துறை நாய் ஸ்டாம்ப் போட்டப்ப ராஜபாளையம் வந்துச்சு, முதோல் வந்துச்சு, கோம்பை வரல, அந்த வருத்தம் வேற.

நாய்க்கு சாப்பாடு ராகிக் களியும் கோழிக் கழுத்தும், தட்ட நக்கி பளபளன்னு ஆக்கிடுச்சு. ஒரு நாளைக்கு 300 ரூபா எக்ஸ்ட்ரா, குடுக்கலாம். ஆறு மணிக்கு மேல வெளிய விடக்கூடாதுன்னு கண்டிஷன், சிறுத்தை நடமாட்டம் இருக்கு, இதுல மட்டும் அக்காகிட்ட பேரம் பேசாதீங்க.

குறைன்னா மெத்தை ஈரவாடை, சுடுதண்ணி காலைல ஒரு பக்கெட்தான், கடைசி அரை கிலோமீட்டர் மண்ரோட்டுல காருக்கு அடி தட்டுது. தோட்டத்துல நடந்துட்டு வந்தா நாய் விரலிடுக்குல அட்டை இருக்கான்னு பாருங்க, எங்களுதுக்கு ரெண்டு.

குளிர் காலத்துல போனா நாய்க்கு ஒரு சட்டை எடுத்துக்கோங்க. கோம்பைக்கு முடி கம்மி. அக்கா சாக்கு விரிச்சு பழைய கம்பளி எல்லாம் போட்டுதான் குடுத்தாங்க, ஆனா மூணு ராத்திரியும் எங்க கட்டில்லதான் தூங்குச்சு, அத அவங்ககிட்ட சொல்லல.