டர்பனில் நாஸ் பெட்டி வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை

நகர மையத்திலுள்ள ஒரு கணினிக் கடையில் 28,500 ராண்ட் கொடுத்து, எங்கள் சாட்ஸ்வொர்த் படத்தொகுப்புக் கூடத்துக்கு நான்கு டிஸ்க் நாஸ் பெட்டி (பல கணினிகள் வலைப்பின்னல் வழியே பகிர்ந்துகொள்ளும் சேமிப்பகம்) வாங்கி ஏமாற்றப்பட்டிருக்கிறேன். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

நான் கேட்டது ரெய்டு 10: டிஸ்க்குகளை இணை இணையாக வைத்து, எதையும் இரண்டு பிரதிகளாக எழுதும் அமைப்பு. திருமண வீடியோக்களையும் காவடிப் பதிவுகளையும் மூவர் ஒரே நேரத்தில் தொகுக்கும்போது மென்பொருள் சிறு சிறு கோப்புகளை ஓயாமல் எழுதும் என்று விளக்கமாகவே சொன்னேன். தமிழ்ப் பேச்சு வீடுகளிலேயே அருகிவிட்ட இவ்வூரில், கடைக்காரர் "அண்ணா, உங்கள் வேலைக்கு ரெய்டு 10தான் சரி, நானே அமைத்துத் தருகிறேன்" என்று வாய் நிறையத் தமிழில் சொல்லி, ரசீதிலும் அப்படியே எழுதி, பெரிய வீடியோ ஒன்றை என் கண்முன்னே விறுவிறுவென்று நகலெடுத்துக் காட்டினால் யார்தான் நம்பமாட்டார்கள்? அந்தச் சோதனையே கண்கட்டு வித்தை. கிகாபிட் இணைப்பின் உச்சம் நொடிக்கு 125 மெகாபைட்; பெரிய கோப்பை ஒரே தொடராக எழுதும்போது அதை ஒற்றை டிஸ்க்கே நிரப்பிவிடும் என்பதால், உள்ளே ரெய்டு 5 என்ற வேறோர் அமைப்பு இருந்தாலும் 10 இருந்தாலும் வேகம் ஒன்றாகத்தான் தெரியும்.

கூடத்தில் மூவரும் வேலையைத் தொடங்கியதும் பெட்டி திணறியது. அமைப்புத் திரையைப் பார்த்தால், நான்கு 4 டெராபைட் டிஸ்க்குகளில் 12 டெராபைட் இடம்! ரெய்டு 10 என்றால் 8க்கு மேல் கிடைக்காது. அங்கே இருந்தது ரெய்டு 5: முழுப் பிரதிக்குப் பதிலாக, ஒரு டிஸ்க் கெட்டால் தரவை மீட்க உதவும் பாரிட்டி என்ற கணக்கீட்டை மட்டும் எழுதி வைப்பது. அதில் ஒரு சிறு மாற்றத்துக்குக்கூடப் பழைய தரவையும் பழைய பாரிட்டியையும் படித்து, பிறகு இரண்டையும் புதிதாக எழுத வேண்டும். ரெய்டு 10இல் இரண்டு டிஸ்க்குகளில் எழுதினால் முடிந்தது. படிப்பதற்கு மட்டுமான காப்பகத்துக்கு ரெய்டு 5 குறையில்லை, ஆனால் நான் பணம் கொடுத்தது அதற்கல்ல. அமைப்பையாவது அழித்துவிட்டு மாற்றலாம். ரசீதில் சிஎம்ஆர் (தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியாத டிஸ்க் வகை) என்று எழுதிவிட்டு அவர்கள் செருகியிருந்தவை எஸ்எம்ஆர் டிஸ்க்குகள்: தரவு எழுதும் தடங்கள் கூரை ஓடுகளைப் போல ஒன்றன்மேல் ஒன்று படிந்திருப்பதால், ஒன்றைத் திருத்தினால் அடுத்தவற்றையும் மறுபடி எழுத வேண்டியிருக்கும்.

கேட்டபோது முதலில் எங்கள் கேபிள் சரியில்லை என்றார்கள். பிறகு லோட்ஷெட்டிங்கில் கெட்டிருக்கும் என்றார்கள். மின்வெட்டு டிஸ்க்கின் வகையையே மாற்றிவிடுமா? ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து தொழில்நுட்பர் அழைப்பார் என்றார்கள், எவரும் அழைக்கவில்லை. இறுதியில், டிஸ்க்கை வெளியே இழுத்துப் பார்த்ததால் உத்தரவாதம் செல்லாதாம். அண்ணா என்றவர் இப்போது ஆங்கிலத்தில் சார் என்கிறார். 28,500 ராண்ட்!

விரிவான வழிகாட்டி எழுதத்தான் நினைத்தேன், பொறுமையில்லை. டிஸ்க்கின் மாடல் எண்ணைத் தயாரிப்பாளரின் பட்டியலோடு ஒப்பிட்ட பிறகே பணம் கொடுங்கள். மொத்த இடத்தைக் கணக்கிடுங்கள். ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளை எழுதிக் காட்டச் சொல்லுங்கள்.

தென்னாப்பிரிக்காவின் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளை ஆறு மாதத்துக்குள் திருப்பித் தந்து பணத்தைக் கேட்கலாம். வெள்ளிக்கிழமைக்குள் 28,500 ராண்டும் வராவிட்டால் என் புகார் தேசிய நுகர்வோர் ஆணையத்துக்குப் போகும்.