மடியா, பக்கெட் சீட்டா, கன்வெர்ட்டிபிளா? அப்புறம் நாய்க்கு?

வீட்ல ஒண்ணரை வயசு பையன், 18 கிலோல ஒரு நாட்டு நாய், பழைய ஹேட்ச்பேக் ஒண்ணு. சென்னைல இருந்து மதுரைக்கு 450 கிலோமீட்டருக்கு மேல, ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா போறோம். அதான் கார்ல பையனை மடியில வச்சுக்கறதா, எந்த சைல்ட் சீட்ல உக்கார வைக்கறது, நாயை எப்படி கட்டறதுன்னு இவ்ளோ ஆராய்ச்சி.

மொதல்ல மடி. "நாலு புள்ளைய மடியிலயே வச்சுதான் கூட்டிட்டுப் போனேன்"னு எங்க அத்தை சொல்றாங்க. நான் கணக்கு போட்டுக் காட்டினேன், 50 கிலோமீட்டர் வேகத்துல போற கார் எதுலயாச்சும் மோதி 0.1 செகண்ட்ல நின்னா 10 கிலோ குழந்தை அந்த நேரத்துல கிட்டத்தட்ட 140 கிலோ மாதிரி இழுக்கும், எந்தக் கை தாங்கும் சொல்லுங்க? ஒரே பெல்ட்டை ரெண்டு பேருக்கும் சேத்துப் போடறது இன்னும் மோசம், நம்ம வெயிட்டும் குழந்தை மேல தான் விழும். சட்டமும் இருக்கு, மோட்டார் வாகனச் சட்டத்தோட 2019 திருத்தத்துல 194பி பிரிவு, 14 வயசுக்குக் கீழ பெல்ட்டோ சைல்ட் சீட்டோ இல்லன்னா 1000 ரூபா ஃபைன். யாருக்கும் போட்டு நான் பாத்ததில்ல, அது வேற கதை.

பக்கெட் சீட், அதாவது கைப்பிடி வச்ச தொட்டில் மாதிரி சைல்ட் சீட், கைக்குழந்தைக்கு சூப்பர், தூங்கினா அப்டியே கைப்பிடியோட தூக்கிட்டுப் போயிடலாம். ஆனா 13 கிலோ வரைக்கும்தான், ஒரு வருஷம் கொஞ்சம் தாண்டினதுமே பரண்ல ஏத்தணும்.

எங்க ஓட்டு கன்வெர்ட்டிபிள் சைல்ட் சீட்டுக்கு. மொதல்ல பின்னாடி பாத்த மாதிரி, வளந்தப்புறம் முன்னாடி திருப்பிக்கலாம். சின்னப் புள்ளைங்களுக்கு உடம்புக்குத் தலை பெருசு, கழுத்துல பலம் கம்மி, நேரா மோதினா பின்னாடி பாத்து உக்காந்த புள்ளையோட தலை, கழுத்து, முதுகு எல்லாத்தையும் சீட்டே தாங்கிக்கும். அதனால அந்த சீட்டோட எடை, உயர லிமிட் வரைக்கும் திருப்பாம இருக்கறதே நல்லது. கால் மடங்குதேன்னு பாக்காதீங்க, அவன் பாட்டுக்கு சம்மணம் போட்டு உக்காந்துக்கறான். எங்க வண்டில ஐசோஃபிக்ஸ் (சைல்ட் சீட்டை நேரா மாட்டற கொக்கி) இல்ல, பெல்ட்லதான் கட்டறோம், பெல்ட் போற எடத்துல புடிச்சு ஆட்டினா ஒரு இஞ்சுக்கு மேல அசையக் கூடாது, இதுக்கே அரை மணி நேரம் வேர்த்து விறுவிறுத்துப் போயிடும். ஏர்பேக் இருக்கற முன் சீட்ல மட்டும் பின்னாடி பாத்த சீட்டை வைக்கவே வைக்காதீங்க.

நாய்க்கு கூண்டா, பெல்ட்டா? அதே கணக்குல இவன் 250 கிலோ! கூண்டு நல்லதுதான், ஆனா கட்டி வைக்கலன்னா கூண்டும் சேந்து பறக்கும், எங்க வண்டில எடமும் இல்ல. அதனால நெஞ்சுல மாட்டற ஹார்னஸ், அத சீட் பெல்ட் பக்கிள்ல கோத்துடுவோம். காலர்ல மட்டும் கோக்காதீங்க, கழுத்து போயிடும். காபிக்கு நிறுத்தினா ஒருத்தர் அவன்கூட வெளிய நிழல்ல.

இப்ப பின்னாடி பையன், நடுவுல நாய், ஓரத்துல நான். பையன் சீட்டுக்காக முன் சீட்டை நகத்தினதுல அத்தைக்கு கால் நீட்ட எடமில்ல, மதுரை வர்ற வரைக்கும் அதே பேச்சு.