தேர்தல் ஆணையத்தின் புள்ளிவிவர அறிக்கைகள்: சரக்கு அசல், பொட்டலம் மோசம்

காங்கிரஸ் தேய்ந்துவிட்டது என்று டீக்கடையில்கூடச் சொல்வார்கள். எப்போது, எவ்வளவு என்று கேட்டால்தான் திணறல். இந்தியத் தேர்தல் ஆணையம் முதல் பொதுத்தேர்தலில் இருந்து எல்லா அறிக்கைகளையும் இணையதளத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. தமிழ்நாட்டு காங்கிரஸை வைத்துச் சோதித்தால் அவற்றின் பலமும் பலவீனமும் தெரிந்துவிடும்.

கட்சிவாரிப் பட்டியலை முதலில் திறக்கவும். மாநில அளவிலான வாக்குச் சதவீதத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். 2014 மக்களவைத் தேர்தலில் காங்கிரஸ் தனித்து 39 இடங்களிலும் நின்று வாங்கியது சுமார் 4.3 சதவீதம். ஓரிடமும் கிடைக்கவில்லை, டெபாசிட்டும் பெரும்பாலும் போனது. 2021 சட்டமன்றத் தேர்தலிலும் ஏறக்குறைய அதே 4.3தான். ஆனால் அது திமுக கூட்டணியில் 25 தொகுதிகளில் மட்டும் நின்று எடுத்தது, வென்றது 18. நின்ற தொகுதிகளில் கணக்கிட்டால் 40 சதவீதத்தை ஒட்டி வரும், அதில் பெரும்பங்கு கூட்டாளிகளுடையது. இந்தக் கணக்கு பட்டியலில் இல்லாத ஆண்டுகளுக்கு, அந்தத் தொகுதிகளின் செல்லுபடியான வாக்குகளைக் கூட்டி நீங்களே வகுத்துக்கொள்ள வேண்டும். டெபாசிட் பத்தியையும் விடாதீர்கள். செல்லுபடியான வாக்குகளில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டாமல் டெபாசிட் இழந்தவர்களின் எண்ணிக்கை அது. தனித்து நின்ற தேர்தலில் சொந்த பலத்தைப் பச்சையாகக் காட்டிவிடும்.

பெரிய கண்ணி கட்சிப் பெயர்கள். கட்சி பிளவதற்கு முன், 1967 சட்டமன்றத் தேர்தலில் காங்கிரஸுக்கு 41.10 சதவீதம், 51 இடம், திமுகவுக்கு 40.69, ஆனால் 137 இடம். தொகுதிப் பங்கீட்டின் மகிமை! பிளந்தபின் 1971இல் இந்திரா காங்கிரஸ் இங்கே சட்டமன்றத்துக்கு நிற்கவே இல்லை. காமராஜரின் பழைய காங்கிரஸ் தனி வரிசையில், 15 இடங்களுடனும் சுமார் 35 சதவீதத்துடனும் இருக்கும். 1996 சட்டமன்றத் தேர்தலில் காங்கிரஸ் பூஜ்யம், அதிலிருந்து பிரிந்த தமிழ் மாநில காங்கிரஸ் 39. இந்த வரிசைகளைச் சேர்த்துப் பார்க்காமல் வரைபடம் போட்டால் இல்லாத பள்ளங்கள் தெரியும்.

பழைய பிடிஎஃப்களிலிருந்து எக்செலுக்கு நகலெடுத்தால் பத்திகள் இடம் மாறும். 1967 முதலான சட்டமன்றத் தேர்தல்களில் வெற்றிகளைக் கூட்டி 234 வருகிறதா என்று பாருங்கள். சில தேர்தல்களில் குறையலாம்: 2016இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் தள்ளிப்போனதால் முதலில் 232. எல்லைகள் மாறியதால், 2008 தொகுதி மறுசீரமைப்புக்கு முன்னும் பின்னும் ஒரே பெயரில் உள்ள தொகுதிகளை நேரடியாக ஒப்பிடாதீர்கள்.

இடையில் கட்சி மாறியவர்கள் இதில் கிடைக்கமாட்டார்கள்; அதற்குச் சட்டமன்றப் பதிவுகளைத்தான் நாட வேண்டும். மாநில, தொகுதி அளவுக்கு ஐந்துக்கு நான்கு கொடுக்கலாம். வாக்குச்சாவடி அளவில் வேண்டுவோர் மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியின் தளத்தில் படிவம் 20ஐத் தேடவும்.