தவளை முட்டை கெடக்குற குட்டைக்கு இந்த பிஹெச் பேனா ஆகுமா? யூஸ் பண்ணி பாத்துட்டு எழுதுறேன்

பிஹெச் பேனான்னா தண்ணில முக்குனா அதோட அமிலத்தன்மைய (பிஹெச்) நம்பரா காட்டுற, பேனா சைஸ் மீட்டர். மீன் தொட்டி வெச்சிருக்கவங்க இதுக்கு நெறய ரிவ்யூ போட்டிருக்காங்க, தவளை முட்டை, தலைப்பிரட்டை பாக்குறவங்களுக்கு இது உதவுமான்னு சொல்ற ரிவ்யூ ஒண்ணு கூட கண்ணுல படல. எனக்கு அது தான் முக்கியம், அதனால அத மட்டும் சொல்றேன்.

மொதல்ல பேனா எதுக்குன்னு கேக்குறவங்களுக்கு. மீன் தொட்டிக்கு வர்ற சொட்டு விட்டு கலர் பாக்குற கிட்டுல பெரும்பாலும் பிஹெச் 6.0ல இருந்து 7.6 வரைக்கும் தான் காட்டும், 6க்கு கீழ எவ்ளோ போனாலும் அதே மஞ்சள் தான். மீனுக்கு அது போதும், தவளை முட்டைக்கு கதையே 6க்கு கீழ தான் ஆரம்பிக்குது. பிஹெச்ல ஒரு நம்பர் எறங்குனா அமிலத்தன்மை பத்து மடங்கு ஏறும், அப்போ 6க்கும் 4க்கும் நூறு மடங்கு வித்தியாசம். 5.8 தண்ணியும் 4.2 தண்ணியும் அந்த கிட்டுல ஒரே மஞ்சளா தெரியும், ஆனா மொத தண்ணில முட்டை பொரியும், ரெண்டாவதுல நெறய வகை தவளைங்களோட முட்டை பொரியாமலே போயிடும்.

அது எப்படி போகுதுன்னு ஒரு தடவ பக்கத்துல வெச்சு பாத்தா தான் புரியும். நல்ல தண்ணில முட்டைக்குள்ள தண்ணி எறங்கி கருவ சுத்தியிருக்க சவ்வு நல்லா உப்பும், உள்ள குட்டிக்கு நீளமா வளர எடம் கெடைக்கும். ஆசிட் தண்ணில அந்த சவ்வு உப்பாது, கரு வளந்துகிட்டே தான் இருக்கும், எடம் இல்லாம வால் வளைஞ்சு சுருண்டு, லென்ஸ் வெச்சு பாத்தா உள்ள லேசா துடிக்கிறது கூட தெரியும். வெளிய வரணும்னா மூக்கு பக்கத்துல இருக்க சுரப்பி விடுற என்சைம் சவ்வ கரைக்கணும், அமிலத்துல அந்த என்சைம் சரியா வேலை செய்யாது. வளந்து முடிஞ்ச குட்டி முட்டைக்குள்ளயே மாட்டி செத்துடும். அப்புறம் வெள்ளையா பஞ்சு மாதிரி பூஞ்சை ஏறிடும், பாக்குறவங்க பூஞ்சை தான் கொன்னுச்சுன்னு நெனைச்சுடுவாங்க. தண்ணியோட பிஹெச் பாக்காம அத நம்பாதீங்க.

பொரிஞ்சு வந்த தலைப்பிரட்டை முட்டைய விட கொஞ்சம் தாங்கும், ஆனா அதுக்கும் நிம்மதி இல்ல. ஒடம்புல இருக்க சோடியம் செவுள் வழியா தோல் வழியா தண்ணிக்குள்ள கசிஞ்சு போகும், திரும்ப உறிஞ்சவும் முடியாது. சாகாம தப்பிச்சாலும் மெதுவா தான் வளரும், கால் மொளைச்சு கரையேற லேட் ஆகும், அதுக்குள்ள குட்டை வத்திட்டா முடிஞ்சுது.

இப்போ பேனாவுக்கு வர்றேன். நல்ல விஷயம் என்னன்னா பாக்ஸ்லயே 4.00, 6.86, 9.18னு மூணு பஃபர் பவுடர் பாக்கெட் (தண்ணில கரைச்சா பிஹெச் சரியா அந்த நம்பர்ல நிக்கும்) தர்றாங்க. நமக்கு வேண்டியது 6.86ம் 4.00ம், கண்டிப்பா அந்த ரெண்டுலயும் முக்கி பேனாவ காலிபரேட் பண்ணுங்க, அதாவது அந்த நம்பருக்கு சரி பண்ணி வைங்க, 6.86 மட்டும் போட்டு விட்டீங்கன்னா கீழ போகப் போக ரீடிங் நம்ப முடியாது. ஸ்கிரீன்ல ரெண்டு டெசிமல் காட்டுது, ஆனா தப்பு 0.1 வரைக்கும் இருக்கலாம்னு அவங்க பேப்பர்லயே போட்டிருக்கு, அதனால 4.73ன்னு வந்தா 4.7ன்னு எழுதிக்கோங்க.

மைனஸ்னு பாத்தா, மழைத்தண்ணி தேங்குன குட்டை மாதிரி உப்பு கம்மியா இருக்க தண்ணில நம்பர் நிக்காது, மெதுவா ஓடிகிட்டே இருக்கும். எந்த கண்ணாடி எலக்ட்ரோடுக்கும் (அளக்குற முனை) வர்ற பிரச்சனை தான், ஆனா இந்த விலைல வர்ற பேனால கூடுதலாவே இருக்கு. கலக்காம, பொறுமையா, நம்பர் நிக்குற வரைக்கும் விட்டு பாக்கணும், அவசரப்பட்டு மொத நம்பர எழுதுறவங்களுக்கு இந்த பேனா வேண்டாம். மூடியும் சரியா பிடிக்க மாட்டேங்குது, முனை காயாம இருக்க மூடிக்குள்ள விட்ட ஸ்டோரேஜ் சொல்யூஷன் காஞ்சுடுது, காஞ்ச முனை சோம்பேறி ஆயிடும். அதுக்காக டிஸ்டில்ட் வாட்டர்ல ஊற வெச்சுடாதீங்க, அது இன்னும் கெடுக்கும்.

அளக்குறப்ப பேனாவ நேரா குட்டைல முக்காதீங்க, சுத்தமான கப்புல தண்ணி மொண்டு அதுல வெச்சு பாருங்க. ஒரு குட்டைல இருந்து இன்னொரு குட்டைக்கு தவளைங்களோட தோல் நோய் பூஞ்சைய நாமளே கொண்டு போயிடக் கூடாது. பாசி இருக்க குட்டைல பகல் ஏற ஏற பிஹெச்சும் ஏறும், விடியக்காலைல தான் கம்மியா இருக்கும், முட்டைக்கு எது மோசமோ அதத் தான நாம பாக்கணும்? அதே மாதிரி பெரிய மழை விட்டதும் ஒரு தடவ பாருங்க. சுத்தமான மழையே காத்துல இருக்க கார்பன் டை ஆக்சைடு கரைஞ்சு 5.6 கிட்ட தான் இருக்கும், பொகைல இருந்து வர்ற சல்ஃபர், நைட்ரஜன் ஆக்சைடுங்க சேந்தா இன்னும் எறங்கும்.

பேனா சொல்லாத விஷயமும் இருக்கு. தண்ணி அமிலமானா மண்ணுல இருக்க அலுமினியம் கரைஞ்சு வரும், அது தனி விஷம். கால்சியம் நல்லா இருந்தா அதே பிஹெச்ல அடி கொஞ்சம் கம்மியா விழும். ரெண்டையும் இது காட்டாது, அதனால கூடவே கால்சியம் பக்கம் தெரிய ஒரு ஹார்ட்னஸ் டெஸ்ட், தண்ணி அமிலத்த எவ்ளோ தாங்கும்னு தெரிய ஒரு கேஹெச் டெஸ்ட் வெச்சுக்கோங்க, அலுமினியத்த மட்டும் இதுங்களும் காட்டாது. நம்பர் கம்மியா வந்துச்சுன்னு ஒடனே சோடா உப்பு சுண்ணாம்புன்னு கொட்டிடாதீங்க ப்ளீஸ், திடீர்னு ஏத்துறதும் குட்டிங்கள கொல்லும், அதோட நியூஜெர்சி பைன் பேரன்ஸ் மரத்தவளை மாதிரி 4 கிட்ட இருக்க தண்ணிலயே பழகி வாழ்ற வகைங்களும் இருக்கு. எந்த தவளையோட முட்டைன்னு மொதல்ல தெரிஞ்சுக்கோங்க.

அஞ்சுக்கு நாலு ஸ்டார் தர்றேன், ஒண்ணு அந்த மூடிக்காக கொறைச்சேன். ஸ்டோரேஜ் சொல்யூஷன் பாக்ஸ்ல வராது, பேனா வாங்குறப்பவே சேத்து ஆர்டர் போட்டுடுங்க.