தாத்தாவுக்கு நினைவுப் புத்தகம் போட்டுக் குடுத்த சர்வீஸ், எப்படி இருந்துச்சுன்னா

தாத்தா 97 வயசு வரைக்கும் இருந்தாரு. போருக்குப் போயிட்டு வந்த மனுஷன், ஆனா அதப் பத்தி வாயே தொறக்க மாட்டாரு, யாரு வீட்ல குழாய் ஒழுகினாலும் ஸ்பேனரோட போய் நிப்பாரு, ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்கு எல்லாருக்கும் முன்னாடி போயி பெஞ்சு தொடச்சு வெப்பாரு. அவரோட போட்டோ, லெட்டர் எல்லாம் சேத்து புத்தகமாக்க ஆன்லைன்ல ஒரு சர்வீஸ்கிட்ட குடுத்தோம்.

ஸ்கேனிங் சூப்பர். 600 டிபிஐ (ஒரு இன்ச்சுக்கு 600 புள்ளி), அதாவது 4க்கு 6 இன்ச் போட்டோவுக்கு 2400க்கு 3600 பிக்சல், டபுள் சைஸ்ல பிரிண்ட் போட்டாலும் 300 டிபிஐ நிக்கும். டிஃப்-ங்கிற வகை போட்டோ ஃபைலும் தந்தாங்க, ஜேபெக்ல எடிட் பண்ணி சேவ் பண்ண பண்ண தரம் போற மாதிரி இதுல போகாது. பேப்பரும் ஆசிட் இல்லாதது, சீக்கிரம் மஞ்சளடிக்காது.

கடுப்பானது எங்கன்னா, தாத்தா மெடல் குத்தியிருக்கிற ஒரு போட்டோவோட நெகட்டிவ்வ (ஃபிலிம்) திருப்பிப் போட்டு ஸ்கேன் பண்ணிட்டாங்க. தனக்கே குடுத்த மெடல இடது நெஞ்சுல தான் குத்துவாங்க, ப்ரூஃப்ல (அச்சடிக்கறதுக்கு முன்னாடி சரி பாக்கக் குடுக்குற காப்பி) பாத்தா வலது பக்கம் தொங்குது, சட்டை பட்டனும் மாறி இருக்கு! சொன்னதுக்கப்புறம் மாத்திட்டாங்க, ஆனா பதில் வர ரொம்ப லேட். அப்புறம் அவங்களே எழுதிப் போட்ட "வீரத்தின் இமயம்" டைப் வசனம் எல்லாம் வேண்டாம்னுட்டோம், தாத்தா படிச்சிருந்தா சிரிச்சிருப்பாரு. அதுக்குப் பதிலா அவரு உதவி பண்ண ஆளுங்ககிட்ட ஆளுக்கு நாலு வரி எழுதி வாங்கிப் போட்டோம், புத்தகத்துலயே பெஸ்ட் அந்தப் பக்கங்க தான்.

5க்கு 4 குடுக்கலாம். ஆர்டர் போட்டா ப்ரூஃப்ப வீட்ல பெரியவங்ககிட்ட காட்டாம ஓகே சொல்லிடாதீங்க.