பாளையங்கோட்டை நினைவாற்றல் வகுப்பு: முதல் ஞாயிறு அருமை, இரண்டாவது ஞாயிறு கொஞ்சம் கவனம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், தாராளமாகப் போகலாம், கொடுத்த காசுக்குத் தகுந்த வகுப்புதான். ஆனால் இரண்டாவது ஞாயிறு மதியத்துக்கு அப்புறம் சொல்வதில் சிலவற்றை நம்ப வேண்டாம், கடைசியில் விற்கிற பயிற்சிப் புத்தகத்தையும் செயலிச் சந்தாவையும் வாங்க வேண்டாம். குறைகளும் எழுதப்போவதால் நடத்துகிறவர் பெயரைப் போடவில்லை. இதையெல்லாம் அவரிடம் நேரிலேயே சொன்னேன், பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

முருகன்குறிச்சி பக்கம் ஒரு மாடி ஹால். அடுத்தடுத்த இரண்டு ஞாயிறு, காலை 10 முதல் மாலை 4 வரை, மதியச் சாப்பாட்டோடு சேர்த்து 1,500 ரூபாய். வந்தவர்களில் பாதிக்கு மேல் டிஎன்பிஎஸ்சி எழுதுகிற பிள்ளைகள். அப்புறம் ஒரு நர்ஸ் அக்கா, களக்காட்டிலிருந்து வாழை விவசாயம் பார்க்கும் ஒரு அண்ணாச்சி, பேத்தியைக் கூட்டிக்கொண்டு வந்த ஒரு ஆச்சி. நான் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு சமூக அறிவியல் டியூஷன் எடுக்கிறேன், அதற்கு உதவுமா என்று பார்க்கத்தான் போனேன்.

முதல் ஞாயிறு முழுக்க ஒரே ஒரு வித்தைதான். நன்றாகத் தெரிந்த பாதை ஒன்றில் மனசுக்குள் நடக்க வேண்டும், நினைவில் வைக்க வேண்டியதை வழியில் ஒவ்வோர் இடமாக வைத்துக்கொண்டே போக வேண்டும், வேண்டும்போது திரும்ப நடந்து எடுத்துக்கொள்ள வேண்டும். கிரேக்கக் கவிஞர் சிமோனிடிஸ் பற்றிய பழைய கதையோடு ஆரம்பித்தார்: விருந்து மண்டபம் இடிந்து விழுந்து உள்ளே இருந்தவர்கள் அடையாளம் தெரியாமல் நசுங்கிப்போக, யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதை வைத்தே சிமோனிடிஸ் ஒவ்வொருவரையும் அடையாளம் சொன்னாராம். கதை பலருக்கும் தெரிந்ததுதான். எனக்குப் பிடித்தது அதற்கு அடுத்து அவர் செய்தது. பெரிய அரண்மனையைக் கற்பனை செய்யுங்கள் என்று சொல்லாமல், "பாளை பஸ் ஸ்டாண்டுல ஏறி டவுன் வரைக்கும் போங்க, ஜன்னல் ஓரமா உக்காந்து பாத்துக்கிட்டே போங்க" என்றார். முருகன்குறிச்சி, வண்ணார்பேட்டை, சுலோச்சனா முதலியார் பாலம், ஜங்ஷன், ஈரடுக்குப் பாலம், ஆர்ச், வாகையடி முக்கு என்று எல்லார் கண்ணுக்குள்ளும் அந்தப் பாதை அப்படியே ஓடியது. சுலோச்சனா முதலியார் பாலம் 1843-இல் கட்டியது, எங்களில் ஒருவர் விடாமல் அதைக் கடந்தவர்கள்தான். பாலத்தின் நடுவில் கருப்புக் கோட்டு போட்ட வக்கீல் தூண்டில் போடுகிறார், ஆர்ச்சின் மேல் உப்பு மூட்டை உட்கார்ந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டே போனால், தொடர்பே இல்லாத 30 சொற்களை வரிசை மாறாமல் சொல்ல முடிகிறது. ஆச்சி சொன்னார், பேத்தி கைதட்டினாள்.

இது வெறும் மேடை வித்தை இல்லை என்பதற்கு நல்ல ஆதாரங்கள் இருக்கின்றன, அவற்றை அவர் சுருக்கமாகவும் சரியாகவும் சொன்னார். எலியின் மூளையில் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில் குறிப்பிட்ட இடத்துக்கு வந்தால் மட்டும் துடிக்கும் செல்கள் இருப்பதை ஜான் ஓ'கீஃப் 1971-இல் எழுதினார், பிறகு மோசர் தம்பதி 2005-இல் பக்கத்துப் பகுதியில் கட்டம் கட்டமாக இடத்தை அளக்கும் செல்களைக் கண்டார்கள், 2014-இல் மூவருக்கும் சேர்த்து நோபல் கிடைத்தது. 2017-இல் வந்த ஓர் ஆய்வில், சாதாரண ஆட்களுக்கு இந்தப் பாதைப் பயிற்சியைத் தினம் 30 நிமிடம் வீதம் 6 வாரம் கொடுத்தபோது நினைவில் நிற்கும் சொற்களின் எண்ணிக்கை இரண்டு மடங்குக்கும் மேலே போனது. இடத்தை நினைவில் வைக்கிற அதே பகுதிகள்தான் மற்ற விஷயங்களையும் தாங்குகின்றன என்று விளக்கினார். சரி.

ஆனால் ஓர் இடத்தில் எனக்கு உடன்பாடில்லை. வீட்டுப் பயிற்சிக்கு எல்லாரையும் நெல்லையப்பர் கோயிலை எடுத்துக்கொள்ளச் சொன்னார். கோயில் பெரியது, எல்லாருக்கும் தெரிந்தது, உண்மைதான். ஆனால் இந்த முறையைப் பற்றிக் கிடைக்கும் மிகப் பழைய நூல் சிசரோ காலத்து லத்தீன் பேச்சுக்கலை நூல் ஒன்று, அதிலேயே தெளிவான விதி இருக்கிறது: ஒரே மாதிரித் தூண்களுக்கு நடுவே உள்ள இடைவெளிகளைத் தேர்ந்தெடுக்காதே, எதில் எதை வைத்தாய் என்று குழம்பிவிடும். இடங்கள் ஒன்றுபோல இருக்கக் கூடாது, ரொம்ப வெளிச்சமும் கூடாது ரொம்ப இருட்டும் கூடாது, கூட்டம் இருக்கக் கூடாது, ஐந்தாவது இடம் ஒவ்வொன்றுக்கும் தனி அடையாளம் வைத்துக்கொள் என்றெல்லாம் அந்த நூல் சொல்கிறது. சங்கிலி மண்டபத்திலும் ஆயிரங்கால் மண்டபத்திலும் நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், பத்தாவது தூணா பன்னிரண்டாவது தூணா என்று யாராலும் சொல்ல முடியாது. கோயிலுக்குள் வைப்பதை விட நான்கு ரத வீதிகள் நூறு மடங்கு நல்லது, தேர் சுற்றுகிற வழியில் ஒவ்வொரு முக்குக்கும் ஒரு பெயர், ஒரு முகம் இருக்கிறது. போகிறவர்கள் கோயிலை விட்டுவிட்டு வீதியை எடுத்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்கு மதியம் நடந்த விளையாட்டு ஒன்றுக்காகவே நான் இந்த வகுப்பைப் பரிந்துரைப்பேன். மேசையில் பேனா, சாவி, மூக்குக்கண்ணாடி மூன்றையும் வரிசையாக வைத்துப் பார்க்கச் சொன்னார். பிறகு அப்படியே முதுகுப் பக்கம் திரும்பி, எதிர் மேசையில் அதே மாதிரி வைக்கச் சொன்னார். டவுன், பாளைப் பிள்ளைகள் இடது பக்கம் இருந்த பேனாவை மறுபடியும் தங்கள் இடது பக்கமே வைத்தார்கள். களக்காட்டு அண்ணாச்சி பேனாவை வலது பக்கம் வைத்தார். பிள்ளைகள் தப்பு என்றார்கள். "பேனா வடக்க இருந்துச்சு, இப்பவும் வடக்கதான் இருக்கு, நாந்தான திரும்புனேன்" என்றார் அண்ணாச்சி. ஆச்சியும் அப்படித்தான் வைத்திருந்தார்.

இரண்டுமே சரி என்று பயிற்சியாளர் சொன்னது எனக்கு ரொம்பப் பிடித்தது. இதே சோதனையை எரிக் பீடர்சன் என்ற மொழியியல் ஆய்வாளர் 1990-களில் தமிழ் பேசுகிறவர்களிடம் நடத்தியிருக்கிறார். கிராமத்தில் திசை சொல்லிப் பேசுகிறவர்கள் திசைப்படியும், நகரத்தில் இடது வலது சொல்லிப் பேசுகிறவர்கள் தங்கள் உடம்பை வைத்தும் அடுக்கும் போக்கு தெரிந்தது. ஒரே மொழி, இரண்டு விதமான மனசு அமைப்பு. நம் பக்கம் இன்னும் "தெக்க பாத்த வீடு", "கடைக்கு மேக்க நில்லு" என்று பேசுகிறவர்கள் இருக்கிறார்கள், பிள்ளைகளிடம் அது வேகமாகப் போய்க்கொண்டிருக்கிறது, எனக்கு அதில் வருத்தம் உண்டு. அன்றைக்கே பலன் ஒன்றையும் பார்த்தோம். 30 சொற்களையும் கடைசியிலிருந்து திருப்பிச் சொல்லச் சொன்னபோது, அதாவது டவுனிலிருந்து பாளைக்குத் திரும்பி வரும்போது, இடது வலது வைத்து அடுக்கியவர்கள் பலருக்குத் தடுமாறியது, ஏனென்றால் திரும்பினால் இரண்டும் இடம் மாறிவிடும். அண்ணாச்சிக்குத் தடுமாறவில்லை. ஆற்றுக்கு வடக்கே வைத்தது வடக்கேதான் இருந்தது.

இரண்டாவது ஞாயிறு உறவுகள். சார்ட் பேப்பரும் ஸ்கெட்ச் பேனாவும் கொடுத்து, நடுவில் ஒரு வட்டம் போட்டு 'நான்' என்று எழுதச் சொன்னார், சுற்றிலும் நெருக்கமானவர்கள் கிட்டே, மற்றவர்கள் தள்ளி. இதற்கும் பின்னணி சொன்னார்: ஜேக்கப் மொரேனோ 1930-களில் ஆட்களைப் புள்ளிகளாகவும் உறவைக் கோடுகளாகவும் வரைந்தது, அப்புறம் 2015-இல் வந்த மூளை ஸ்கேன் ஆய்வு. அந்த ஆய்வு அழகானது. புது ஊருக்குக் குடிவந்து வேலையும் வீடும் தேடும் ஒரு கதை விளையாட்டை ஆடவிட்டு, எதிர்ப்படும் ஒவ்வொரு ஆளோடும் நெருக்கம் எவ்வளவு, அதிகாரம் யார் கையில் என்பது மாற மாற மூளையில் என்ன நடக்கிறது என்று பார்த்தார்கள். வழி கண்டுபிடிக்க உதவும் அதே ஹிப்போகாம்பஸ்தான் இந்த மாற்றங்களையும் பின்தொடர்ந்தது. ஆக, மனிதர்களையும் நாம் ஏதோ ஒரு வெளியில் வைத்துத்தான் பார்க்கிறோம்.

அதெல்லாம் சரி, ஆனால் அந்த வெளிக்கு நடுவில் 'நான்' இருந்தாக வேண்டும் என்று யார் சொன்னது? நர்ஸ் அக்கா வட்டம் போடவே இல்லை, வீடு வரைந்தார். அவர் வளர்ந்தது டவுனில் ஒரு வளவு வீட்டில், அதாவது ஒரே வளாகத்துக்குள் பல குடும்பங்கள் சேர்ந்து குடியிருக்கும் வீட்டு வரிசையில். திண்ணையோடு நிற்கிறவர்கள், பட்டாசல் என்கிற கூடம் வரைக்கும் வந்து உட்காருகிறவர்கள், கூப்பிடாமலே அடுக்களைக்குள் வந்து தட்டை எடுத்துப் போட்டுச் சாப்பிடுகிறவர்கள், புறவாசல் வழியாக மட்டும் வருகிறவர்கள் என்று ஒவ்வொருவரையும் அந்தந்த இடத்தில் நிறுத்தினார். மேலதிகாரி ஒருவர் நடையிலேயே நின்றார். பேசி வருஷக்கணக்கான சித்தி ஒருவர் அடுக்களையில்தான் இருந்தார், "பேச்சு இல்ல, ஆனா அவ வந்தா திண்ணையில உக்கார வைக்க முடியுமா?" என்றார் அக்கா. கிட்டே, தள்ளி என்ற ஒற்றை அளவில் இதை எங்கே போடுவது? அறை முழுவதும் அந்தப் படத்தைச் சுற்றி நின்றது. பயிற்சியாளர் "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு எல்லாரையும் வட்டத்துக்கே திருப்பி அனுப்பியது எனக்கு ஏமாற்றம்.

என்னுடைய பெரிய குறை இதுதான். சொற்களுக்குச் சொந்தத் தெருவைக் கொடுத்தவர், மனிதர்களுக்குக் கடன் வாங்கிய வட்டத்தைக் கொடுத்தார். அதுவும் நம்மிடம் திணை இருக்கும்போது. மலையில் கூடல், காட்டில் காத்திருத்தல், வயலில் ஊடல், கடற்கரையில் இரங்கல், பாலையில் பிரிவு என்று காதலின் நிலைகளை நிலங்களின் மேல் அடுக்கியது தமிழ். பொதிகை, வயல்வெளி, உவரிக் கடற்கரை, செம்மணல் மேடான தேரிக்காடு எல்லாம் சேர்ந்த பழைய நெல்லைச் சீமைக்காரர்களுக்கு இது கற்பனை நிலம்கூட இல்லை, பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். வட்டத்தில் ஓர் ஆளுக்கு ஒரே புள்ளி. திணையில் அதே இருவர் இன்றைக்கு மருதத்தில் சண்டை போட்டுக்கொண்டு இருப்பார்கள், நாளைக்கு முல்லையில் ஒருவர் மற்றவருக்காகக் காத்திருப்பார். உறவு இடம் மாறும் என்பதை அந்த அமைப்பு ஆரம்பத்திலேயே ஒத்துக்கொள்கிறது. இன்னொன்று, தொல்காப்பியம் பாலைக்குத் தனி நிலம் ஒதுக்கவில்லை. பிரிவுக்கென்று ஓர் ஊர் கிடையாது, எந்த நிலமும் பிரிவாக மாறலாம். வகுப்பில் வந்த எந்த விளக்கமும் இந்த ஆழத்தைத் தொடவில்லை.

மதியத்துக்கு அப்புறம் தரம் இறங்கியது. வலது மூளைக்காரர்கள் படமாக யோசிப்பார்கள், இடது மூளைக்காரர்கள் கணக்காக யோசிப்பார்கள் என்று ஒரு மணி நேரம். 2013-இல் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஆயிரம் பேருக்கு மேற்பட்டவர்களின் ஸ்கேன்களைப் பார்த்து, ஆட்களை அப்படிப் பிரிக்க ஆதாரம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மூளையில் பத்து சதவீதம்தான் பயன்படுத்துகிறோம் என்பதும் வந்தது, அதுவும் உண்மை இல்லை. காலையில் அவ்வளவு கவனமாகப் பேசியவர் இதைச் சொல்லியிருக்கவே வேண்டாம். செயலி விற்பனை இதைத் தொடர்ந்து வந்தது, கிளை கிளையாகப் படம் வரைகிற சாதாரணச் செயலிதான், பழைய நோட்டுப் புத்தகத்தின் பின்பக்கமே போதும்.

கிரேக்கத்தில் ஆரம்பித்தவர் பக்கத்தில் இருக்கும் கோட்டாற்று இடலாக்குடியை மறந்ததும் எனக்குக் குறைதான். அந்த ஊர்க்காரரான சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் 1907-இல் சென்னையில் நூறு விஷயங்களை ஒரே நேரத்தில் கவனித்துச் சதாவதானம் செய்து காட்டியவர். முதுகில் விழும் பொருளை எண்ணிக்கொண்டே, மணியோசையையும் எண்ணிக்கொண்டே, கேட்ட ஈற்றடிக்கு வெண்பாவும் சொல்வது அவதானம். டிஎன்பிஎஸ்சி பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் பாடத்திலேயே வருகிறது, அதைச் சொல்லியிருந்தால் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள்.

எனக்கு என்ன கிடைத்தது? டியூஷனில் தாமிரபரணியின் துணையாறுகளைப் பிள்ளைகள் அவரவர் தெருவில் வைக்கிறார்கள். மணிமுத்தாறு மாவு மில்லில், பச்சையாறு ரேஷன் கடையில், கடனா நதி பிள்ளையார் கோயிலில், சிற்றாறு தெரு முனையில். வளவில் குடியிருக்கும் ஒரு பையன் எதிரும் புதிருமாக இருக்கும் வீட்டு வாசல்களை எடுத்துக்கொண்டான். எல்லாக் கதவும் ஒரே மாதிரிதான், பழைய விதிப்படி அது வேலை செய்யக் கூடாது. அவனுக்கு ஒன்றுகூடத் தவறவில்லை. அவன் கதவில் வைக்கவில்லை, ஒவ்வொரு வாசலிலும் உட்கார்ந்திருக்கிற அத்தை, மாமா, பெரியாச்சி கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான்.

மற்றபடி சாப்பாடு நன்றாக இருந்தது, சாம்பார் சாதம், அப்பளம், வத்தல். குடிதண்ணீர் போதவில்லை. மாடிப்படி செங்குத்து, கைப்பிடியும் இல்லை, ஆச்சி ஏற ரொம்பச் சிரமப்பட்டார். பரீட்சைக்குப் படிக்கிறவர்கள் முதல் ஞாயிறு மட்டும் போக விரும்பினால் பாதிக் கட்டணம் வாங்கிக்கொள்கிறார்கள், கேட்டால்தான் சொல்வார்கள், அதனால் பணம் கட்டும்போதே கேட்டுவிடுங்கள். முட்டிவலி உள்ளவர்களைக் கூட்டிப்போவதாக இருந்தால் கீழ்த்தளத்தில் வகுப்பு வைக்கும்வரை பொறுங்கள், அடுத்த முறை மாற்றுவதாகச் சொல்லியிருக்கிறார்.